கையில் 12 லட்சம்: மனையா, வாடகை வீடா?

கேள்வி, 2 ஜூலை 2025
வயது 29. சென்னையில் வேலை. சேமிப்பு 12 லட்சம். மதுராந்தகம் தாண்டி ஒரு புது மனைப்பிரிவில் 1200 சதுர அடி, அடி 1,000 ரூபாய் என்கிறார்கள். மூன்று வருடத்தில் இரட்டிப்பு ஆகும் என்பது தரகர் வாக்கு. அப்பாவும் மண்ணில் போட்ட காசு வீண் போகாது என்கிறார். நண்பனோ மேடவாக்கம் பக்கம் பழைய அடுக்குமாடி வீடு ஒன்று 55 லட்சத்துக்கு வருகிறது, கடன் போட்டு வாங்கி வாடகைக்கு விடு என்கிறான். எனக்கு இதில் ஆனா ஆவன்னா தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில், 2 ஜூலை, இரவு
மனையா வீடா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஐந்து வருடம் கழித்து அதை உங்களிடமிருந்து வாங்கப்போகிறவர் யார்? அவருக்கு வங்கி கடன் கொடுக்குமா? இது தெரியாமல் பத்து ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கையில் பணம் இருந்தால் எந்த மனையையும் வாங்கிவிடலாம். விற்பதில்தான் பாடு. வீடு கட்டுவதற்காக மனை தேடுகிறவர் பெரும்பாலும் கடனை நம்பித்தான் வருவார். வங்கி வழக்கறிஞர் உங்கள் பத்திரக் கட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அவர் போய்விடுவார். மிச்சம் இருப்பது ரொக்கத்தோடு வருகிற ஆள். அவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.

மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்றால் வருடத்துக்கு 26 சதவீதம். தரகரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதே மனைப்பிரிவில் முதலில் வாங்கியவர் யாராவது இப்போது விற்கிறாரா, என்ன விலை சொல்கிறார்? புது மனை 1,000 ரூபாய்க்குப் போகிற இடத்தில் பழைய ஆள் 800 சொல்லியும் விலை போகாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். புது மனைக்குப் பின்னால் விளம்பரம், இலவச வேன், மதியச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. நீங்கள் விற்கும்போது உங்களிடம் வேன் இருக்காது.

3 ஜூலை
இன்னொன்று. 12 லட்சம் வைத்துக்கொண்டு 12 லட்ச ரூபாய் மனையை வாங்க முடியாது. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அரசுக்கு. அதுவே 1,08,000. தரகு, வழக்கறிஞர், எழுத்துக்கூலி, கல் நடுவது எல்லாம் சேர்த்தால் 13 லட்சத்து 30 ஆயிரத்தில் வந்து நிற்கும்.

இதே 13.3 லட்சத்தை 7 சதவீத எஃப்.டி.யில் ஐந்து வருடம் போட்டால் 18.6 லட்சம். விற்கும்போது மறுபடியும் தரகு. ஆக மனை 19 லட்சத்துக்குப் போனால்தான் எஃப்.டி.யோடு சமம். அதாவது நிலத்தின் விலை வருடத்துக்கு ஒன்பதரை சதவீதம் ஏற வேண்டும், அதுவும் விடாமல். ஏறுகிற இடங்கள் இருக்கின்றன. இது அந்த இடமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

3 ஜூலை, மாலை
பரந்தூர்ப் பக்கம் போகலாமா என்று கேட்டவருக்கு. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022 ஆகஸ்டில் அந்த இடத்தை அறிவித்த நாளிலிருந்து அந்தப் பக்கம் எல்லா விளம்பரத் தட்டியிலும் ஒரு விமானம் பறக்கிறது. விமான நிலையத்துக்கு எடுக்கப்போவது ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் சிக்கும் ஏகனாபுரத்துக்காரர்கள் ஊரை விட மாட்டோம் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் புல எண் (சர்வே நம்பர்) கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றாலும், விமான நிலையம் வருவதற்கான விலையை விற்பவர் ஏற்கெனவே சேர்த்துத்தான் சொல்கிறார். அது தள்ளிப்போனால் காத்திருக்கப்போவது நீங்கள்தான்.

5 ஜூலை
பத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பலரும் சறுக்குவது இங்கேதான்.

வில்லங்கச் சான்றில் (இ.சி.) "வில்லங்கம் இல்லை" என்று வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இ.சி. சொல்வது ஒன்றுதான்: அந்தக் காலகட்டத்தில் அந்தச் சொத்தின்மேல் பதிவான ஆவணங்கள் இவை. பதிவாகாத எதுவும் அதில் வராது. வெள்ளைத்தாளில் எழுதிய ஒத்தி வராது. பீரோவில் இருக்கிற உயில் வராது. கோர்ட்டில் கிடக்கிற வழக்கு பெரும்பாலும் வராது. முக்கியமாக, கையெழுத்துப் போடாத வாரிசு வரமாட்டார்.

எங்கள் சித்தப்பா வாங்கிய இடத்தில் இதுதான் நடந்தது. நிலம் ஒரு பெரியவர் சுயமாகச் சம்பாதித்தது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள் சேர்ந்து விற்றார்கள். இ.சி. சுத்தம், பட்டா மகன்கள் பெயரில், வரி ரசீதும் அவர்கள் பெயரில். எல்லாம் முடிந்து சுற்றுச்சுவர் எழுப்பிய பிறகு வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எனக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று. அவர் கேட்டது நியாயம். உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் தமிழ்நாட்டில் 1989 திருத்தம், நாடு முழுக்க 2005 திருத்தம். "சீர் செய்து அனுப்பிவிட்டோம், தங்கச்சி கேட்காது" என்பதெல்லாம் திண்ணைப் பேச்சு. கடைசியில் அந்த அம்மாவுக்குத் தனியாகப் பணம் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார் சித்தப்பா. ஒரே நிலத்துக்கு இரண்டு முறை பணம்.

அதனால் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதோடு நிறுத்தாமல் ஊருக்குள் போய் டீக்கடையில் உட்கார்ந்து, "அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று விசாரியுங்கள். சான்றில் மூன்று பெயரும் டீக்கடையில் நாலு பெயரும் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தாய்ப்பத்திரம் தொடங்கி ஒவ்வொரு கைமாற்றமும் விடுபடாமல் வர வேண்டும். இ.சி.யை இணையத்திலேயே 1975 வரைக்கும் பின்னோக்கிப் பார்க்கலாம், காசு செலவில்லை. பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5 ஜூலை, இரவு
"பதிவாகிவிட்டால் அரசாங்கமே ஒப்புக்கொண்டது மாதிரிதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை. மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டில் 55-ஏ என்று ஒரு விதி இருந்தது. உரிமை மூலத்தைப் பார்க்கும் அதிகாரம் பதிவுச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கிவிட்டது. பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குதான், அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது. 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பெயர் மாறிப்போய் இன்னும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பட்டா இல்லாமல் வாங்கச் சொல்லவில்லை. பட்டாவும் வேண்டும், பத்திரத் தொடரும் வேண்டும், இரண்டும் ஒரே ஆளிடம் வந்து முடிய வேண்டும்.

6 ஜூலை
பவர் பத்திரம், அதாவது தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். உரிமையாளர் வெளிநாட்டில், பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுவார் என்றால், அந்த உரிமையாளர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ அழைப்பிலாவது முகத்தைப் பாருங்கள். சாதாரணப் பவர் கொடுத்தவர் இறந்தால் அதோடு பவரும் போயிற்று. "பவரையே உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறேன், பதிவுச் செலவு மிச்சம்" என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி எழுதினால் சொத்துரிமை மாறாது என்று 2011இலேயே சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

8 ஜூலை
அங்கீகாரம் இல்லாத மனை பாதி விலைக்குக் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதைத் தொடர்ந்து, இதே தடையைச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை இன்றைக்கும் மறுபடி பதியலாம். "பதிவு ஆகிறதே சார்" என்று தரகர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அரசிடம் விண்ணப்பித்து வரன்முறை (ஒழுங்குபடுத்தல்) செய்யாத வரைக்கும் வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கி சீந்தாது. விலை ஏன் பாதி என்பதற்குப் பதில் இதுதான்.

அங்கீகாரம் உண்டு என்று சொன்னாலும் எண்ணை வாங்கி, அந்த எண்ணுள்ள வரைபடத்தைப் பார்த்து, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் கொடுத்தது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), இரண்டில் எதுவாக இருந்தாலும் சரி. பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக விற்றவர்களும் உண்டு. சாலையையும் பூங்காவையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டு முன்னால் இருக்கிற சாலை இன்னும் மனைப்பிரிவு போட்டவர் சொத்து. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும்.

"அப்ரூவல் அப்ளைட்" என்று நோட்டீசில் போட்டிருந்தால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நானும்தான் ஒரு காலத்தில் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு விண்ணப்பம் போட்டேன்.

10 ஜூலை
கறுப்பு வெள்ளை விவகாரம். 12 லட்சம் கொடுத்துவிட்டு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பான 5 லட்சத்துக்குப் பத்திரம் போடச் சொல்வார்கள். மீதி 7 லட்சம் ரொக்கம். பதிவில் 63,000 மிச்சம் என்று உங்களுக்கு ஆசை காட்டுவார்கள். நீங்கள் விற்கிற அன்று வாங்கிய விலை 5 லட்சம் என்றுதான் கணக்கில் இருக்கும். லாபம் 7 லட்சம் கூடுதலாகத் தெரியும். 12.5 சதவீத வரியில் 87,500 கூடுதல். 63,000 மிச்சம் பிடித்து 87,500 கட்டுவது என்ன சாமர்த்தியம்?

11 ஜூலை
நேற்றைய கணக்கை ஒருவர் உரித்துப் போட்டிருக்கிறார். இன்று மிச்சமாகும் 63,000ஐ 7 சதவீதத்தில் ஐந்து வருடம் போட்டால் 88,000 ஆகிவிடுமே, இரண்டும் சமம்தானே என்கிறார். கணக்கு சரி. அவர் ஆடிட்டராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆகலாம்.

பணக் கணக்கில் சமம் என்றே வைத்துக்கொள்வோம். மனைப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது விற்பவர் தலையில் விழும், உங்களையும் விசாரணைக்கு இழுக்கும். வங்கிக் கடனும் பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, நாளைக்கு உரிமையில் ஓட்டை என்று தெரிந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் நீங்கள் நிரூபிக்க முடிந்தது பத்திரத்தில் இருக்கிற 5 லட்சம் மட்டுமே. சித்தப்பாவின் பத்திரத்திலும் பாதி விலைதான் எழுதியிருந்தது. வக்கீல் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

13 ஜூலை
இப்போது அந்த மேடவாக்கம் வீடு. எனக்கும் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதால் இதில் பேசத் தகுதி உண்டு.

55 லட்சம். பழைய வீடு என்பதால் ஜி.எஸ்.டி. கிடையாது, பதிவு 9 சதவீதம், சுமார் 5 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரைக்குமான கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வரம்பு, பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. 44 லட்சம் கடன், 11 லட்சம் உங்கள் கை, அதோடு பதிவுக்கு 5. ஆக 16 லட்சம் வேண்டும். உங்களிடம் இருப்பது 12. நண்பர் மீதி 4 தருவாரா? தனிநபர் கடன் வாங்கி அதை நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அதையும் சமாளித்துவிட்டீர்கள் என்று வைப்போம். 8 சதவீதம், 20 வருடம் என்றால் லட்சத்துக்கு 836 ரூபாய் தவணை. 44 லட்சத்துக்கு 36,800. வாடகை 16,000 வரும். பராமரிப்பு, சொத்து வரி, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, வெள்ளையடிப்பு எல்லாம் போக வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கூட நிற்காது. 55 லட்சத்துக்கு அது இரண்டரைச் சதவீதம். மாதாமாதம் இருபத்தைந்தாயிரத்துக்குப் பக்கத்தில் சம்பளத்திலிருந்து போட வேண்டும்.

குடித்தனக்காரர் விஷயம் தனி புராணம். மோட்டார் ரிப்பேர் என்று இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். பத்து மாத அட்வான்ஸ் பழக்கத்தை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸுக்குப் பொது வரம்பு, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

14 ஜூலை
வீட்டை நேற்று கொஞ்சம் கூடுதலாகவே திட்டிவிட்டேன் போல. நியாயத்துக்கு ஒன்று சொல்கிறேன். பழைய கட்டடத்தில் பிரிக்கப்படாத மனைப் பங்கு, யு.டி.எஸ்., எவ்வளவு என்று பாருங்கள். மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் 900 சதுர அடி வீட்டுக்கு 500 அடி மண் இருக்கலாம். பெரிய கோபுரக் கட்டடத்தில் 250கூட இருக்காது. கட்டடம் தேயும், உங்களுக்கு மிஞ்சுவது அந்த மண்தான். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொண்டால் இடித்துக் கட்டலாம், ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டு நிற்கிற காலம் போய்விட்டது. அதனால் பழைய வீடு மோசம் என்று இல்லை. 12 லட்சத்துக்கு அது எட்டாது, அவ்வளவுதான்.

16 ஜூலை
வாஸ்து பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னிடம் வாங்கப்போகிறவருக்கு இருக்கிறதே! தெற்குப் பார்த்த மனை, தெருக்குத்து மனை இரண்டும் வாங்கும்போது மலிவாகத் தெரியும். விற்கும்போது அதே தள்ளுபடியை நாம் கொடுக்க வேண்டியிருக்கும், ஆளும் லேசில் கிடைக்க மாட்டார். முதல் முதலீட்டுக்கு வேண்டாம். பகுத்தறிவை வேறு எங்காவது காட்டிக்கொள்ளலாம்.

17 ஜூலை
"மாதம் 3,000 கட்டினால் முடிவில் மனை, கூடவே தங்கக் காசு" என்கிற திட்டம் பற்றி: வேண்டாம். நிலத்தைக் காட்டிச் சிறுகச் சிறுக வசூலித்த பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடியைத் திருப்பித் தர வேண்டும் என்று 2014இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த லோதா கமிட்டி மூலம் அந்தப் பணம் இன்னும் அரைகுறையாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

சின்னத் தொகைதான் போட முடியும் என்றால் பங்குச்சந்தையில் ரீட் (பலர் பணத்தைச் சேர்த்து வாடகைக் கட்டடங்களில் போடுகிற நிதி) இருக்கிறது. எம்பசி 2019இல் வந்தது, அப்புறம் மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்சஸ். சில நூறு ரூபாயில் ஒரு யூனிட், அலுவலகம் அல்லது மால் வாடகையில் பங்கு. விலை ஏறும், இறங்கும். டீக்கடை விசாரணை தேவையில்லை. அப்பாவிடம் காட்ட மண் இல்லை என்பது ஒரு குறை.

24 ஜூலை
கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மதுராந்தகம் மனைப்பிரிவில் நான் சொன்னபடி பழைய ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார். அதே அளவு மனை, 9.5 லட்சம். வேறொரு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார், விற்றாக வேண்டும். அங்கீகாரம் இருக்கிறது, தானப் பத்திரம் இருக்கிறது, சுற்றி நாலைந்து வீடு வந்துவிட்டது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. வீடு வந்த இடத்தில் மின் கம்பம் நிற்கிறது, நிலத்தடி நீர் எப்படி என்று குடியிருப்பவரையே கேட்கலாம். மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதையும் அவரிடமே கேளுங்கள், விற்பவரிடம் வேண்டாம். 9 சதவீதம் சேர்த்தும் 10.4 லட்சத்துக்குள் முடிகிறது, கையில் ஒன்றரை லட்சம் மிஞ்சும்.

பணம் முழுதாக இருந்தாலும் ஒரு சின்ன மனைக் கடனுக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு லட்சம் போதும். வங்கியின் வழக்கறிஞர் பார்த்து ஓகே சொல்கிறாரா என்று தெரியும். உங்களுக்குப் பிறகு வாங்குகிறவருக்கும் அதே கண்ணாடிதான். அதற்காக உங்கள் சொந்த வழக்கறிஞரை விட்டுவிடாதீர்கள், வங்கிக்காரர் வங்கியின் பணத்துக்கு மட்டும்தான் காவல்.

27 ஜூலை
அட்வான்ஸ் காசோலையாக. அக்ரிமென்ட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கெடு மூன்று மாதம், வங்கி வழக்கறிஞர் மறுத்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்பத் தரவேண்டும் என்று ஒரு வரி. இந்த வரிக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏன் என்று யோசியுங்கள்.

அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புல வரைபடத்தையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு நாலு மூலையும் நடங்கள். 1200 அடிக்குப் பணம் கொடுத்து 1130 அடியை அனுபவிக்கிறவர்கள் நிறையப் பேர். கல் நகர்ந்திருக்கும், பக்கத்து மனைக்காரர் சுவரை அரை அடி உள்ளே விட்டிருப்பார்.

3 ஆகஸ்ட்
அம்மா பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையுமாமே என்கிறார் கேள்வி கேட்டவர். உண்மை. 10 லட்சம் மதிப்பு வரைக்கும் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி, 2025 ஏப்ரல் முதல். உங்களுக்கு 9,500 ரூபாய் மிச்சம். ஆனால் மனை அம்மாவுடையது ஆகிவிடும். உங்களுக்கு ஒரு தங்கை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உயில் இல்லாவிட்டால், அம்மா காலத்துக்குப் பிறகு அப்பா, தங்கை, நீங்கள் மூவரும் பங்குதாரர்கள். சித்தப்பா கதையில் வந்த நோட்டீஸை அனுப்பப்போவது உங்கள் தங்கையாகவும் இருக்கலாம், தப்பு அவர்மேல் இருக்காது. அம்மாவுக்கே கொடுக்க வேண்டும் என்று நினைத்தால் தாராளமாக அவர் பெயரில் பதியுங்கள். 9,500க்காக என்றால் வேண்டாம்.

பதிவு முடிந்ததும் பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று இணையத்தில் பாருங்கள். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் தானாக மாறாது, சர்வேயர் வந்து அளக்க வேண்டும், தாலுகா அலுவலகத்தில் கொஞ்சம் அலைச்சல் இருக்கும். முள்கம்பி வேலியும் ஒரு பெயர்ப் பலகையும் உடனே வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது போய்க் கருவேல முள்ளை வெட்டி, தேதி தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.